செம்புத்துரையும் மேற்கே போன கடலும்

புதுச்சேரியில் கடல் ஆறு நாட்கள் மேற்கே இருந்தது. நம்பாதவர்கள் சங்குத்துறைக் குப்பத்துக்குப் போய் எந்த வீட்டிலாவது ஒரு தோசை கேட்டுப் பார்க்கலாம். அங்கே தோசையை எந்தப் பக்கத்திலிருந்து பிய்க்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது, அந்த முறை எப்படி வந்தது என்று சொல்வதானால் செம்புத்துரையிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும், செம்புத்துரையைப் பற்றிச் சொல்வதானால் பிரான்சு தேசம் வரைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும், வாருங்கள், சீக்கிரம் திரும்பிவிடலாம்.

அவருடைய சொந்தப் பெயர் ஃபிர்மின் லவேர்ன். ரூவான் என்ற ஊரில் சட்டைப் பொத்தான்களில் பூ செதுக்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஏழாவது பிள்ளையாகப் பிறந்து, பன்னிரண்டு வயதில் கரண்டிக் காம்புகளில் சீமான்களின் குலச்சின்னம் வெட்டி, இருபதில் பாரீசுக்கு வந்து, முப்பதில் ராஜாவின் வேட்டை நாயைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். அந்தத் தகட்டில் மை தடவிக் காகிதத்தில் எடுத்த படத்தை நாய்க்கு முன்னால் பிடித்தபோது நாய் அதைப் பார்த்து ஒரு மணி நேரம் குரைத்ததாம். மகிழ்ந்துபோன ராஜா அரண்மனையை ஒட்டி ஒரு வீடும், வருஷத்துக்கு இரண்டு வெல்வெட் காற்சட்டையும், செதுக்குகிற ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் ‘ராஜாவின் செதுக்குநர்’ என்று போட்டுக்கொள்ளும் உரிமையும் கொடுத்தார். வீட்டில் எலி இருந்தது, வெல்வெட் அரித்தது, ஆனால் அந்த இரண்டு வார்த்தைகள் ஃபிர்மினுக்கு உயிர்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு குறை. எது வலம், எது இடம் என்று அவருக்குப் பிறவியிலேயே தெரியாது. வேறு தொழிலாக இருந்தால் இது ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. ஆனால் தகட்டில் எதைச் செதுக்கினாலும் காகிதத்தில் அது இடவலம் மாறித்தான் விழும், ஆகையால் வலப்பக்கம் வர வேண்டிய மரத்தை இடப்பக்கம் வெட்ட வேண்டும், எழுத்தைக்கூடத் திருப்பித் திருப்பி வெட்ட வேண்டும், அது தெரிந்தால்தான் செதுக்குநர். இருபத்தைந்து வருஷம் யார் யாரையோ கேட்டுச் சமாளித்துக்கொண்டு வந்தவர், ஒரு பண்டிகை அவசரத்தில் யாரையும் கேட்காமல் ராஜாவின் படத்தையே செதுக்கி அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். ராஜா செங்கோலை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அரண்மனை ஒரு வாரம் சிரித்தது, எட்டாம் நாள் கடிதம் வந்தது: ‘இந்தியாவில் புதுச்சேரி என்று எனக்கொரு ஊர் இருக்கிறது. அங்கே போய் இறங்கி மூன்று வருஷத்துக்குள் அதைச் செதுக்கித் தகட்டை அனுப்பு. சரியாக வந்தால் பட்டம் நிலைக்கும். இல்லையென்றால் பொத்தானுக்குத் திரும்பு.’

இப்படித்தான் தன் ஐம்பத்தேழாவது வயதில் அவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். கூடவே பளபளவென்று பெரிய செப்புத் தகடு ஒன்றும் அச்செடுக்கும் யந்திரம் ஒன்றும் வந்தன, தகட்டைப் பார்த்த ஊர் அவருக்குச் செம்புத்துரை என்று பெயர் வைத்தது. யந்திரம் என்றால் இரண்டு கனத்த உருளைகள், நடுவே ஒரு பலகை, பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம். அதைச் சுற்றக் கவர்னர் துரை மாளிகையிலிருந்து நான்கு சேவகர்கள் வந்து, மீசையை முறுக்கிக்கொண்டு முக்கிப் பார்த்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது மீன் கூடையோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள்தான் காத்தாயி.

சங்குத்துறைக் குப்பத்துக்காரி. பத்து வயதிலிருந்து கரைவலை இழுத்த கை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள், உருளைகள் வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடின. அன்றிலிருந்து அவள்தான் யந்திரக்காரி, அவள்தான் அவருக்குச் சமையலும். ஆகவே அவர் பேசிய தமிழும் அவளுடைய தமிழ். அவர் வாயைத் திறந்தால் கவர்னருக்கு மொழிபெயர்க்கிற துபாசி காதைப் பொத்திக்கொள்வார்.

முதல் நாள் மீன் குழம்பைக் கண்டதும் துரை இரண்டு கையாலும் சோற்றை அள்ளினார். காத்தாயி அவருடைய இடது கைமேல் ஒரு தட்டுத் தட்டினாள்.

“அது பீச்சாங்கை தொரை. இதான் சோத்தாங்கை. இதால தின்னுங்க.”

பாரீசின் மேதைகள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் ஏறாத பாடம் ஒரே சாப்பாட்டில் ஏறிவிட்டது. அதன் பிறகு வலம் எது என்று சந்தேகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கவளத்தை நினைத்துக்கொள்வார்; எந்தக் கை தானாக வாய்க்கு எழுகிறதோ அது வலது. தெருவில் போகும்போதெல்லாம் வெறுங்கையை வாய்க்குக் கொண்டுபோகிற துரையைப் பார்த்து, பாவம் சரியாகச் சாப்பாடு போடுவதில்லைபோல என்று காத்தாயியை ஊர் ஏசியது.

மாதா கோயில் மணிக்கூண்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு வருஷம் ஊரை வரைந்தார். கிழக்கே கடல், அதையொட்டி வெள்ளைக்காரர் தெருக்கள், நடுவே வாய்க்கால், அதற்கு மேற்கே தமிழர் தெருக்கள், அப்பால் பனந்தோப்பு, ஒரு ஓடு விடாமல், ஒரு கிணறு விடாமல் வரைந்தார். மனிதர்களை மட்டும் வரையவில்லை. ஒரு இடத்தில் நிற்கிறார்களா என்ன! எண்ணெய் தடவிய மெல்லிய தாளில் வரைந்த அந்தப் படத்தை இனித் தகட்டின்மேல் குப்புறப் போட்டு, கோடுகளை ஊசியால் அழுத்திப் பதிக்க வேண்டும். கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து, தாளைச் சரியாகக் குப்புறத்தான் போட்டார். மூலைக்கு ஒன்றாக வைக்கக் கூழாங்கல் எடுக்க அவர் திரும்பிய நேரத்தில், ஜன்னல் வழியாக வந்த கடல்காற்று தாளைத் தூக்கி, புரட்டி, பாய் விரிப்பதுபோல் பதமாக மல்லாக்க வைத்துவிட்டுப் போயிற்று. எண்ணெய்த் தாளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அவர் கல்லை வைத்தார், பதித்தார், ஏழு மாதம் உட்கார்ந்து அந்தக் கோடுகளின்மேலேயே உளியை ஓட்டினார். காற்று இதை வேண்டுமென்றே செய்ததா என்றால், குப்பத்தில் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். காலம் காலமாகச் சூரியன் எழுவதையே பார்த்துக்கொண்டிருந்த கடலுக்கு அது விழுவதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆசை வந்திருக்காதா?

கடைசியாக, படத்துக்கு அடியில், ‘ஃபிர்மின் லவேர்ன், ராஜாவின் செதுக்குநர்’ என்று திருப்பி வெட்டி முடித்தார். பிரான்சு போகிற கப்பலும் துறையில் வந்து நின்றுவிட்டது. ராஜா கொடுத்த கெடுவுக்குள் போகிற கடைசிக் கப்பல் அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை முதல் அச்சு. காத்தாயியின் புருஷன் மண்ணாங்கட்டி அன்று விடியும்போதே மூன்று பேரோடு படகில் ஏறி, நாலு நாளைக்கு அரிசியும் தண்ணீரும் கட்டிக்கொண்டு வஞ்சிர மீனுக்குப் போயிருந்தான். துரை தகட்டில் மை தடவி, உள்ளங்கையால் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே விரித்து, கம்பளியைப் போர்த்தினார். காத்தாயி வடக்கே பார்த்து நின்று சக்கரத்தைச் சுற்றினாள். முதல் சுற்றில் கடலின் இரைச்சல் அவளுடைய சோத்தாங்கைப் பக்கத்துக் காதில் கேட்டது, இரண்டாம் சுற்றில் உச்சந்தலைக்கு மேலே கேட்டது, மூன்றாம் சுற்றில் பீச்சாங்கைப் பக்கத்துக் காதுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது. காதில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். துரையோ காகிதத்தை உரித்தெடுத்து வெயிலில் பிடித்து, தான் வெட்டிய அலைகளின் அழகில் சொக்கிப்போய் அழுதுகொண்டிருந்தார்.

மத்தியானம் சாய்ந்து, சூரியன் பனந்தோப்புக்குப் பின்னால் போகாமல் நேராகக் கடலுக்குள் போய் இறங்கியபோதுதான் ஊர் கவனித்தது. ஊரே படத்தில் இருந்ததுபோல் புரண்டிருந்தது, மனிதர்கள் மட்டும் படத்தில் இல்லாததால் புரளாமல் இருந்தார்கள். ‘அட, நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் கரையில் உட்கார்ந்து அஸ்தமனம் பார்த்தார்கள், மறுநாள் அங்கே சுண்டல் கடையும் வந்துவிட்டது. பால்காரரின் மாடு, வழக்கமாக இடப்பக்கம் திரும்புகிற மூலையில் தானாக வலப்பக்கம் திரும்பியது, பால்காரர் அதை அதட்டித் திருப்பிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு, அப்புறம் வழியை மாட்டிடமே விட்டுவிட்டார். ஈசுவரன் கோயில் குருக்கள், கிழக்கே பார்த்திருந்த சுவாமி மேற்கே பார்த்திருப்பதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவருக்குத் தெரியாததா என்று காலை ஆரத்தியை மாலைக்கு மாற்றினார். பள்ளிவாசலில் இமாம் ஒரு வார்த்தை சொல்ல, எல்லோரும் அமைதியாக மேற்கே திரும்பி நின்றார்கள். வருஷக்கணக்காகத் தாமதமாக வந்து கடைசி வரிசையில் நின்றவர்கள் முதல் வரிசை ஆனார்கள், வெட்கத்தில் மறுநாளிலிருந்து நேரத்துக்கு வந்தார்கள். மேற்கு வாசல் வீடு என்று பதினோரு வருஷமாக மகளுக்கு வரன் தட்டிப்போன தறிக்காரர் அண்ணாசாமியின் வாசல் கிழக்கே பார்க்க ஆரம்பித்ததும் ஒரே நாளில் மூன்று ஜாதகம் வந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று அவர் திங்கட்கிழமையே தாம்பூலம் மாற்றிவிட்டார். கவர்னர் துரைக்குத்தான் சங்கடம்: கடல்காற்றுக்காகக் கட்டிய மேல்மாடத்தில் பின்மத்தியான வெயில் பாய்ந்து அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது. ராஜாவுக்கு எழுதிய கடிதத்தில் ‘இங்கே வெயில் சற்று அதிகம்’ என்று மட்டும் குறிப்பிட்டார், கடல் மேற்கே போய்விட்டது என்று எழுதினால் தன்னை எங்கே அனுப்புவார்களோ என்ற பயம்.

துரைக்கு விஷயம் புரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. படத்தைச் சுவரில் மாட்டினார், ஜன்னலைப் பார்த்தார், கையை வாய்க்குக் கொண்டுபோனார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆனாலும், சொன்னால் என்ன, உள்ளுக்குள் அவருக்கு ஒரு குளுமைதான். இப்போது ஊரும் படமும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. யார் வந்து சரிபார்த்தாலும் பிழை சொல்ல முடியாது. தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தான் தப்பாகச் செய்ததற்கு ஏற்ப உலகம் தன்னைத் திருத்திக்கொண்டது என்று நினைத்துச் சீட்டியடித்தபடி தகட்டைத் துடைத்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை வர வேண்டிய படகு வரவில்லை. தேடிப்போன இரண்டு படகுகள், திருப்பிப் போட்ட கடலில் பாறை எங்கே பள்ளம் எங்கே என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டன. புதன்கிழமை காலையில் காத்தாயி சமைக்கவில்லை. துரைக்கு எதிரே வந்து நின்றாள்.

“தொரை, எங்க வூட்டு ஆளுக்குக் கடல்ல வழி எப்படித் தெரியும்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“சொல்லு காத்தாயி.”

“சாயங்கால சூரியன் மூஞ்சில அடிக்கணும். அடிச்சா வூட்டுக்கு வராங்கன்னு அர்த்தம். அவங்க அப்பனும் அப்படித்தான் வந்தாரு, தாத்தனும் அப்படித்தான் வந்தாரு. இப்ப வூடு கெழக்க இருக்கு. அவரு சூரியனப் பாத்துப் பாத்து இன்னும் தூரமாப் போய்க்கினே இருப்பாரு. எவ்ளோ தைரியமாப் போனாலும் தண்ணி நாலு நாளைக்குத்தான் இருக்கு.”

அழவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை என்று துரைக்குத் தோன்றியது. வெட்கம் அவருடைய காது மடல்வரை ஏறியது. நாலு பேர் தாகத்தில் இருக்க, தான் நாலு நாளாகச் சீட்டியடித்துக்கொண்டிருந்தோமே என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். பிறகு ஓடினார். மையைச் சுடவைத்தார், காகிதத்தை நனைத்தார்.

“காத்தாயி, சுத்து.”

“இன்னொரு வாட்டி இதையே எடுத்தா கடல் எப்படித் திரும்பும்?”

“சுத்து, சொல்றேன்.”

முதலில் தகட்டிலிருந்து ஒரு படம் எடுத்தார். மை காய்வதற்குள் அந்தப் படத்தின்மேலேயே இன்னொரு ஈரக் காகிதத்தைப் போட்டு, தகடு இல்லாமல், இரண்டையும் சேர்த்து உருளைக்குள் விட்டார். படத்தைப் படத்தாலேயே அச்செடுத்தால் புரண்டது மறுபடி புரண்டு நேராகும். பாரீசில் தங்கள் வேலையைச் சரிபார்க்கச் செதுக்குநர்கள் செய்கிற சின்ன உபாயம் அது. காத்தாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். இரைச்சல் பீச்சாங்கைப் பக்கத்திலிருந்து கிளம்பி, உச்சந்தலைக்கு ஏறி, அங்கே கொஞ்சம் தயங்கியது. அஸ்தமனம் பார்த்து ருசி கண்டுவிட்ட கடல் இல்லையா. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கரைவலையை இழுப்பதுபோல் சக்கரத்தை இழுத்தாள், இரைச்சல் தொப்பென்று சோத்தாங்கைப் பக்கத்துக் காதில் வந்து விழுந்தது. காகிதத்தில் வெளிறிய, சாம்பல் நிறப் புதுச்சேரி கிழக்கே கடலோடு இருந்தது.

அன்று சாயங்காலம் சூரியன் மூஞ்சியில் அடிக்க அடிக்க மண்ணாங்கட்டி கரையேறினான். உதடு வெடித்திருந்தது, கண் சிவந்திருந்தது, படகு நிறைய வஞ்சிரம் இருந்தது. “ஆறு நாளா இந்தச் சூரியனத் தொரத்தினோம்யா, இன்னிக்குத்தான் பிடிபட்டுது” என்று சொல்லி ஒரு குடம் தண்ணீரை நின்றபடியே குடித்தான். காத்தாயி அப்போதுதான் அழுதாள், அழுதுகொண்டே அவனைத் திட்டினாள், திட்டிக்கொண்டே மீனை அறுத்தாள். குப்பம் முழுக்கக் குழம்பு வாசம். ஊர்க்காரர்கள் கொஞ்சம் முனகிவிட்டு, சுண்டல் கடையைக் காலைக்கு மாற்றிக்கொண்டார்கள். அண்ணாசாமிதான் சம்பந்தி வீட்டுக்கு விஷயம் தெரிவதற்குள் முகூர்த்தத்துக்கு நாள் பார்க்க ஓடினார்.

மறுநாள் துரை தகட்டை வைக்கோலில் பொதிந்து பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். மாலையில் கப்பல். நிறைந்த சந்தோஷம் அவருக்கு: படகும் வந்துவிட்டது, பட்டமும் வந்துவிடும், பாரீசில் யார் போய்ப் புதுச்சேரிக்குக் கிழக்கு எது என்று பார்க்கப் போகிறார்கள்? காத்தாயி வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க போயி இத எத்தினி வாட்டி உருட்டுவாங்க தொரை?”

“ஆயிரம் படமாவது எடுப்பாங்க. ராஜா எல்லா ஊருக்கும் குடுத்தனுப்புவாரு.”

அவள் தலையை ஆட்டினாள். விரல்விட்டு எதையோ எண்ணினாள்.

“எப்பன்னு முன்னாடியே சொல்லி அனுப்புவாங்களா? அந்த நாள்ல மட்டும் யாரும் கடலுக்குப் போவாதீங்கன்னு குப்பத்துல சொல்லி வெச்சுடறேன்.”

துரையின் கை வைக்கோலில் அப்படியே நின்றது. தகட்டை அனுப்பாதே என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை; அது அவருடைய உயிர் என்று அவளுக்குத் தெரியும், அதனால் தேதியை மட்டும் கேட்டாள். பாரீசிலிருந்து ஒரு கடிதம் வந்துசேர எட்டு மாதம் ஆகும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தகட்டைப் பார்த்தார். ஏழு மாத வேலை. அதைப்போல ஒரு அலையை அவர் கை இனி வெட்டப்போவதில்லை. அடியில் அந்த இரண்டு வார்த்தைகள். வாய்விட்டே ‘ஐயோ’ என்றார். அப்புறம் தகட்டை வெளியே எடுத்து, சுரண்டியால் தன் பெயரையும் அந்த இரண்டு வார்த்தைகளையும் சுரண்டி எடுத்து, அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினார்.

“உன் வீட்டுச் சாமானுக்கெல்லாம் பேரு வெட்டுவாங்களே, யார் பேரு வெட்டுவாங்க?”

“பொம்பள பேருதான். ஏன் தொரை?”

“ஒம் புருஷன் பேரும் போடவா?”

“ஐயய்ய, அவரு பேரப் போட்டீங்கன்னா இது யாரு சாமான்னு கேக்கறவங்களுக்கு நான் எப்படிச் சொல்லுவேன்? எம் பேரே போடுங்க.”

துரை உளியை எடுத்தார். பழக்கத்தில் கை திருப்பி வெட்டப் போனது, நிறுத்தினார், ஒரு கவளத்தை நினைத்துக்கொண்டார். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, எழுத்துகளை நேராகவே வெட்டினார்: காத்தாயி. நேராக வெட்டிய எழுத்து காகிதத்துக்கு உதவாது. அது அந்தத் தகட்டோடு, அந்த வீட்டோடு இருக்கப் போகிற எழுத்து.

கப்பலில் ஒரு கடிதம் மட்டும் போயிற்று: ‘மகாராஜா, தங்கள் ஊரின் கடல் செதுக்குவதற்கு அடங்கி உட்காரவில்லை. நான் பொத்தானுக்குத் திரும்பிவிட்டேன்.’ கவர்னர் துரை அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முத்திரை வைத்தார். மேல்மாடத்தில் அவருக்கு நல்ல தூக்கம் திரும்பியிருந்தது. பொத்தான் என்று எழுதினாரே தவிர, செம்புத்துரை அதன் பிறகு பாத்திரக் கடைத்தெருவில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் குடத்துக்கும் தவலைக்கும் பெயர் வெட்டினார், அண்ணாசாமி மகளின் சீர் வரிசைதான் முதல் வேலை, புதுச்சேரியில் கல்யாணமாகிப் போன அத்தனை பெண்களின் பெயரும் அவர் கையில் பூத்துத்தான் போயின. சாப்பாடு கடைசி வரைக்கும் காத்தாயி வீட்டில்.

அந்தத் தகடு அங்கே தோசைக்கல் ஆயிற்று, குப்பம் முழுக்க வீட்டுக்கு வீடு அதை இரவல் வாங்கித் தோசை சுட்டது. ஈயம் பூசியும் கோடுகள் போகவில்லை; மாவை ஊற்றிச் சுட்டெடுத்தால் தோசையின் அடியில் புதுச்சேரி முழுக்கப் பதிந்து வரும், ஓடும் கிணறும் தெருவுமாக, கடல் மட்டும் தப்பான பக்கத்தில். தோசையும் ஒரு அச்சுதானே, அதனால்தான் அந்த முறை. இலையில் தோசை விழுந்ததும் சோத்தாங்கையால் கடல் இருக்கும் பக்கத்தை முதலில் பிய்த்து வாயில் போட்டுவிட வேண்டும், ஊரை அப்புறம் பேசிக்கொண்டே சாப்பிடலாம். செம்புத்துரை மற்ற எதை மறந்தாலும் இதை மறந்ததில்லை. அப்படியும் என்றைக்காவது குப்பத்தில் அலைச்சத்தம் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு நகர்வதுபோல் தோன்றினால், வலை பின்னிக்கொண்டிருக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டு வீடு வீடாகக் குரல் கொடுப்பார்கள்: “யாருடி அது, கடல் பக்கத்தை மிச்சம் வெச்சிக்கினு உக்காந்திருக்கிறது? ஆளுங்க இன்னும் கரைக்கு வரலை, சீக்கிரம் தின்னு!”